கத்தாத அலாரம்: மோட்டார்ஹோமில் 11 மாத வேலை

எங்கள் மோட்டார்ஹோமில், அதாவது உள்ளேயே தங்கிப் பயணம் போகும் வண்டியில், இருக்கும் அலாரம் கடந்த 41 இரவுகளில் ஒரு முறைகூடக் காரணமில்லாமல் கத்தவில்லை. இந்த ஒரு வரியை எழுத எனக்கு 11 மாதம் ஆனது. இடையில் ஒரு பழைய அலாரம் பெட்டி, செத்துப்போன ஒரு பேட்டரி, விரிசல் விட்ட ஒரு ஜன்னல், மின்சாரம் அளக்கும் மல்டிமீட்டருக்குள் எரிந்த ஒரு ஃபியூஸ், பக்கத்து வண்டிக்காரரின் நட்பு எல்லாம் போயின. நட்பு மட்டும் பிறகு திரும்பக் கிடைத்தது.

வண்டி ஃபியட் டுகாட்டோ அடிச்சட்டத்தில் கட்டியது. முன்பாதி கம்பெனியிலிருந்து வந்த இரும்பு கேபின். பின்பாதி மெல்லிய அலுமினியத் தகடு, நுரை, பிளைவுட் மூன்றையும் சேர்த்து ஒட்டிய 30 மி.மீ. சுவர்களால் ஆன வீடு. அலாரத்தைப் பொறுத்தவரை இவை இரண்டும் தனித்தனி வண்டிகள். அது புரியாமல்தான் முதல் பெட்டியை வாங்கினேன்.

முதல் பெட்டி அடிப்படையில் ஒரு கார் அலாரம். கூடவே வீட்டுப்பகுதிக்கென்று ஒரு அகச்சிவப்பு நடமாட்ட சென்சார் கொடுத்திருந்தார்கள். வண்டியின் கம்ப்யூட்டர்கள் தமக்குள் பேசிக்கொள்ளும் கேன் பஸ் வயர்களில் இணைத்துவிட்டால், கம்பெனிச் சாவியிலேயே பூட்டும்போது அலாரமும் விழித்துக்கொள்ளும், தனி ரிமோட் வேண்டாம் என்பதுதான் என்னை இழுத்தது. ஒரு முழு சனிக்கிழமை டேஷ்போர்டுக்கு அடியில் மல்லாந்து கிடந்தேன். கேன் வயர்கள் இரண்டும் ஒன்றையொன்று முறுக்கிக்கொண்டு போகும். பேட்டரியைக் கழற்றிவிட்டு அவற்றுக்கிடையே மின்தடை பார்த்தால் ஏறத்தாழ 60 ஓம் காட்ட வேண்டும். இரு முனைகளிலும் ஆளுக்கொரு 120 ஓம் இணையாக இருப்பதால், இரண்டும் சேர்ந்து பாதியாகும் கணக்கு. எனக்கு 61 காட்டியது. சரியான ஜோடிதான் என்று உறுதியான பிறகே பற்றவைத்தேன். இன்றுவரை இந்த வேலையில் முதல் தடவையிலேயே சரியாக வந்தது அந்த இணைப்பு ஒன்றுதான்.

அந்த மகிழ்ச்சி அன்றிரவைத் தாண்டவில்லை. படுக்கப் போகும்முன் வழக்கம்போல உள்ளிருந்தே சாவியால் கேபினைப் பூட்டினேன். அலாரம் விழித்தது, கூடவே நடமாட்ட சென்சாரும் விழித்தது. இரவு 2 மணிக்கு மனைவி பாத்ரூமுக்கு எழுந்தாள். அறைக்குள் ஆள் நடமாடினால் கத்தும் சென்சாரை வாங்கி, அந்த அறைக்குள்ளேயே படுத்துக்கொண்ட ஆள் நான். இதை வாங்குவதற்கு முன் ஐந்து நிமிடம் யோசித்திருந்தால் போதும். யோசிக்கவில்லை.

"இதை நிறுத்துறீங்களா, இல்ல நான் வெளியில போய்ப் படுத்துக்கட்டுமா?" என்றாள்.

சரி, இரவில் சென்சாரை அணைத்துவிட்டு, வண்டியைப் பூட்டிவிட்டு வெளியே போகும்போது மட்டும் வைத்துக்கொள்ளலாம் என்று முடிவு செய்தேன். அதுவும் சரிப்படவில்லை. அகச்சிவப்பு சென்சார் பார்ப்பது உருவத்தை இல்லை, வெப்பம் இடம் மாறுவதைத்தான். மதியம் கூரை ஜன்னல் வழியாக இறங்கும் வெயில் திரைச்சீலையைச் சூடாக்கும். காற்று அந்தத் திரையை அசைக்கும். சென்சாருக்கு அது போதும். இன்னொரு நாள் விடியற்காலையில் ஹீட்டர் தானாக ஓடத் தொடங்கி, அதன் சூடான காற்று நேராகச் சென்சாரின் எதிரில் போனது. வீட்டில் சுவருக்குச் சுவர் நாலு மீட்டர் இருக்கும் அறைக்குச் செய்த பொருளை, இரண்டு மீட்டர் அகலமுள்ள பெட்டிக்குள், ஹீட்டரின் வாய்க்கு எதிரே மாட்டியது என் தவறு.

அடுத்து, தெரிந்த எலக்ட்ரீஷியன் தம்பி ஒருவர் மைக்ரோவேவ் சென்சார் ஒன்றைக் கொடுத்தார். "அண்ணே, இதுக்கு வெயிலும் தெரியாது, ஹீட்டரும் தெரியாது" என்றார். உண்மைதான். ஆனால் மைக்ரோவேவ் பிளாஸ்டிக்கைத் தாண்டி வெளியே பார்க்கும். அலுமினியச் சுவர் தடுத்தது. அக்ரிலிக் ஜன்னல்கள் தடுக்கவில்லை. ஜன்னலோரம் யாராவது நடந்து போனால் சைரன். அதைவிட வேடிக்கை, யாருமே இல்லாதபோதும் ஒரு நாள் கத்தியது. இரண்டு மணி நேரம் தேடிய பிறகு கண்டுபிடித்தேன். தண்ணீர் பம்ப் தானாக ஓடி, சென்சாருக்குப் பின்னாலிருந்த பிளாஸ்டிக் குழாயில் தண்ணீர் அசைந்திருக்கிறது. அந்தத் தண்ணீரை அது ஆளென்று நினைத்துக்கொண்டது. உணர்திறன் திருகைக் குறைத்துக்கொண்டே போனேன். கடைசியில் சத்தம் அடங்கியது. சோதித்துப் பார்க்க ஜன்னல் வழியாக நானே உள்ளே ஏறிக் குதித்தேன். அப்போதும் அடங்கியே இருந்தது.

இந்த நாட்களில்தான் பக்கத்து வண்டிக்காரர் விஷயம். முதல் முறை சைரன் கத்தியபோது டார்ச்சோடு ஓடி வந்தார். "சார், யாராவது ஏறினாங்களா?" என்று வண்டியைச் சுற்றிப் பார்த்தார். இரண்டாவது முறை ஜன்னலைத் திறந்து எட்டிப் பார்த்தார். மூன்றாவது முறை விளக்கைக்கூடப் போடவில்லை. நானும் அந்த மூன்றாவது முறை படுக்கையிலிருந்து எழாமலே சாவியைத் தடவி எடுத்து அணைத்தேன். அன்றைக்கு உண்மையிலேயே ஒருவன் உள்ளே வந்திருந்தாலும் இதேதான் நடந்திருக்கும். அலாரம் எத்தனை டெசிபல், எத்தனை சென்சார் என்று பெட்டியின் மேல் அச்சடித்திருப்பதை அன்றிலிருந்து நான் படிப்பதில்லை. பொய்யாக எத்தனை முறை கத்தும் என்று யாரும் அச்சடிப்பதும் இல்லை.

உள் சென்சார்களைக் கழற்றிவிட்டு, கேபின் கதவுகளுக்கு மட்டும் அலாரத்தை விட்டுவைத்து, வண்டியை ஐந்து வாரம் நிறுத்திவிட்டுப் போனேன். திரும்பி வந்து சாவியைத் திருப்பினால் டக் டக் என்ற சத்தம் மட்டும். எஞ்சின் பேட்டரி 11.8 வோல்ட். ஈயஅமில பேட்டரி நிறைந்திருந்தால் 12.7 இருக்க வேண்டும், 12.2 என்றாலே பாதி காலி.

சும்மா நிற்கும்போது வண்டி எவ்வளவு கரண்ட் குடிக்கிறது என்று அப்போதுதான் அளந்தேன். அலாரம் வாங்கும் முன்பே செய்திருக்க வேண்டிய வேலை. செய்முறை இதுதான்: மல்டிமீட்டரை 10 ஆம்பியர் துளையில் மாற்றி, பேட்டரியின் எர்த் முனைக்கும் எர்த் வயருக்கும் நடுவே கோக்க வேண்டும். ஆனால் அதற்கு முன் ஒரு தடித்த கிளிப் வயரை அதே இரண்டு இடங்களுக்கும் போட்டுவிட்டு, பிறகுதான் முனையைக் கழற்ற வேண்டும். அப்போது வண்டியின் கம்ப்யூட்டர்களுக்கு மின்சாரம் அறுந்ததே தெரியாது. பூட்டி, அரை மணி நேரம் காத்திருந்தால் அவை ஒவ்வொன்றாகத் தூங்கப் போகும். அப்புறம் கிளிப் வயரை எடுத்துவிட்டு மீட்டரைப் பார்க்கலாம்.

நான் முதல் தடவை கிளிப் வயரும் போடவில்லை, காத்திருக்கவும் இல்லை. பாதியில் ஏதோ நினைப்பில் சாவியையும் திருப்பினேன். டீசல் எஞ்சினைக் கிளப்பும் முன் சூடேற்றும் குளோ பிளக்குகள் பத்து ஆம்பியருக்குள் அடங்குமா? மீட்டருக்குள் இருந்த ஃபியூஸ் போனது. அந்தச் சின்னக் கண்ணாடிக் குழாய்க்கு நாலு நாள் காத்திருந்தேன்.

சரியாக அளந்தபோது வந்த கணக்கு: வண்டி தானாகக் குடிப்பது 34 மில்லியாம்பியர், அலாரம் பெட்டி 22, அதோடு வந்த ஜிபிஎஸ் டிராக்கர் 25. மொத்தம் 81. ஒரு நாளைக்கு 1.94 ஆம்பியர்-மணி. 35 நாளுக்கு 68. என்னுடையது 95 ஆம்பியர்-மணி பேட்டரி, அதுவும் நாலு வயதானது. செத்தது ஆச்சரியமில்லை. தினமும் ஓடும் காருக்கு 81 மில்லியாம்பியர் ஒரு பொருட்டே இல்லை. மாதக்கணக்கில் நிற்கும் வண்டிக்கு அதுதான் முதல் கேள்வி.

இதற்கப்புறம்தான் ஒரு காகிதத்தை எடுத்துக்கொண்டு வண்டியைச் சுற்றி நடந்தேன். திருடன் எங்கெல்லாம் கை வைக்கலாம் என்று எண்ணினேன். கேபின் கதவு 2, வீட்டுக் கதவு 1, பக்க ஜன்னல் 5, கூரை ஜன்னல் 2, பின்பக்க சாமான் லாக்கரின் கதவுகள் 2, கேஸ் லாக்கர் 1. மொத்தம் 13. இரவில் நாங்கள் உள்ளே இருக்கும்போதும் இந்த 13 இடங்களும் காவலில் இருக்க வேண்டும், நாங்கள் உள்ளே நடமாடவும் வேண்டும் என்றால் உள்ளே பார்க்கும் சென்சாருக்கு வேலையே இல்லை. ஓரங்களில்தான் காவல் வேண்டும். அதற்குக் காந்த சுவிட்ச் போதும்: சட்டத்தில் ஒரு ரீட் சுவிட்ச், கதவில் ஒரு காந்தம். காந்தம் அருகில் இருந்தால் சுவிட்ச் மூடியிருக்கும், விலகினால் திறந்துகொள்ளும். எளிய பொருள், வெயிலும் காற்றும் தண்ணீரும் அதற்குத் தெரியாது.

இரண்டாவது பெட்டியைத் தேடும்போது நான் கேட்டவை குறைவு. ஓரங்களை மட்டும் காக்கும் இரவு நிலை தனி பட்டனில் இருக்க வேண்டும். வயரால் இணைக்கும் வழி இருக்க வேண்டும். சும்மா இருக்கும்போது எவ்வளவு கரண்ட் என்பதை எழுத்தில் கொடுத்திருக்க வேண்டும். சைரனுக்குள் தனி பேட்டரி இருக்க வேண்டும், வயரை அறுத்தாலும் கத்துவதற்கு. செல்போன் செயலி, வண்ணத் திரை, குரல் அறிவிப்பு எதுவும் வேண்டாம். கரண்ட் அளவை எழுதாத பெட்டிகளைப் பேச்சில்லாமல் ஒதுக்கினேன், பாதிக்கு மேல் அப்படியே கழிந்தன.

வயர் இல்லாத சுவிட்ச்களை ஏன் எடுக்கவில்லை என்று கேட்பார்கள். முதலில் அவற்றைத்தான் இரவல் வாங்கிச் சோதித்தேன். ஜன்னல்களில் நன்றாக வேலை செய்தன. சாமான் லாக்கரின் உள்புறமும் கதவும் அலுமினியத் தகடு. அதை மூடியதும் உள்ளே இருந்த சுவிட்ச் ரேடியோவில் காணாமல் போனது. தவிர, ஒவ்வொன்றுக்குள்ளும் ஒரு நாணய பேட்டரி. 13 இடம் என்றால் 13 பேட்டரி, ஒவ்வொன்றும் ஒவ்வொரு நாளில் தீரும். கடுங்குளிரில் அவற்றின் வலு இன்னும் குறையும். எனக்குப் பொறுமை இல்லை. வயர்தான்.

நாலு இழை அலாரம் வயர், ஒவ்வோர் இழையும் 0.22 சதுர மி.மீ., மொத்தம் 31 மீட்டர் போனது. மேலே இருக்கும் அலமாரிகளின் பின்மூலை வழியாக ஓட்டினேன். திறந்து பார்த்தாலும் கண்ணில் படாது. சுவரில் எங்கேயும் 10 மி.மீ.க்கு மேல் திருகு போடவில்லை. 30 மி.மீ. சுவரில் பாதிக்கு மேல் நுரைதான். நீளத் திருகு போட்டால் பிடிக்கவும் பிடிக்காது, வெளித்தகட்டைக் குத்தி மழைநீருக்கு வாசல் திறந்துவிடும். இணைப்புகளைப் பற்றவைக்காமல், உலோகக் குழலுக்குள் நசுக்கிக் கிரிம்ப் செய்து, மேலே சூட்டில் சுருங்கும் ஹீட் ஷ்ரிங்க் குழாய் போட்டேன். பற்றவைத்த இடத்தை ஒட்டி வயர் விறைத்துப்போய், ஓடும் வண்டியின் அதிர்வில் அங்கேயே முறியும் என்று அந்த எலக்ட்ரீஷியன் தம்பி சொல்லியிருந்தார். மைக்ரோவேவ் விஷயத்தில் இழந்த பெயரை இதில் மீட்டுக்கொண்டார்.

ரீட் சுவிட்சை மாட்டுவதற்கு முன் மேசையில் வைத்து அளப்பது நல்லது. பலகையின் மேல் வைத்தபோது காந்தத்தை 22 மி.மீ. தள்ளும் வரை சுவிட்ச் மூடியே இருந்தது. கேஸ் லாக்கரின் இரும்புச் சட்டத்தில் வைத்தபோது அதே ஜோடி 9 மி.மீ.யிலேயே விட்டுவிட்டது. இரும்பு காந்தப்புலத்தை உறிஞ்சிக்கொள்கிறது. சுவிட்சுக்கும் காந்தத்துக்கும் அடியில் 5 மி.மீ. பிளாஸ்டிக் துண்டு வைத்து உயர்த்தினேன், 15 மி.மீ. வரை மீண்டது. பழைய ஐஸ்கிரீம் டப்பாவின் மூடியை மூன்றடுக்காக வெட்டி ஒட்டியதுதான் அந்தத் துண்டு.

ஜன்னல்களில் ஒரு வசதி கிடைத்தது. எங்கள் ஜன்னல்களின் கொக்கியில் இரண்டாவது பள்ளம் ஒன்று உண்டு. அதில் மாட்டினால் ஜன்னல் 9 மி.மீ. திறந்தபடி பூட்டிக்கொள்ளும், காற்றோட்டத்துக்காக. மூடிய நிலையில் சுவிட்சுக்கும் காந்தத்துக்கும் இடையே 4 மி.மீ. விட்டேன். காற்றோட்ட நிலையில் அது 13 ஆகும், 22க்குள்தான். ஆக, ஜன்னலைக் காற்றுக்குத் திறந்து வைத்துக்கொண்டே இரவு நிலையைப் போடலாம். யாராவது கம்பி விட்டு நெம்பினால் இன்னும் 9 மி.மீ. நகர்வதற்குள் கத்தும். இந்த வேலை முழுவதிலும் எனக்குப் பிடித்த இடம் இதுதான். மனைவியிடம் ஸ்கேலை வைத்துக் காட்டினேன். "சரி, தூங்குங்க" என்றாள்.

பிடிக்காத இடமும் ஜன்னலில்தான். காந்தங்களை இருபக்க டேப்பால் ஒட்டினேன். முதல் வெயில் நாளில் இரண்டு காந்தம் கழன்று விழுந்தன, சைரன் கத்தியது. ஒட்டும் இடத்தில் எண்ணெய்ப்பசை இருந்திருக்கும் என்று நினைத்து, அடுத்த ஜன்னலை ஸ்பிரிட்டால் அழுத்தித் துடைத்தேன். மறுநாள் காலையில் காந்தத்தைச் சுற்றிச் சிலந்திவலை மாதிரி மெல்லிய விரிசல்கள். அக்ரிலிக்குக்கு ஆல்கஹால் ஆகாது. கண்ணாடியைப் போலத் தெரிவதால் கண்ணாடியைத் துடைப்பது போலவே துடைத்துவிட்டேன். புது ஜன்னலின் விலையைக் கேட்டேன், அலாரம் பெட்டியைவிட ஒன்றரை மடங்கு. விரிசலோடுதான் இருக்கிறது. மற்ற ஜன்னல்களை வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரால் கழுவி, ஒரு நாள் காயவிட்டு, தரமான நுரை டேப்பால் ஒட்டி, அரை நிமிடம் அழுத்திப் பிடித்தேன். இன்றுவரை விழவில்லை. இன்னொரு முறை செய்தால் காந்தத்தை அக்ரிலிக்கில் ஒட்டவே மாட்டேன், பிளாஸ்டிக் கொக்கியின் மேல் ஒட்டுவேன்.

கூரை ஜன்னல் இரண்டில் 40 செ.மீ. சதுரத்துக்கு மட்டும் சுவிட்ச் போட்டேன். பாத்ரூம் மேலிருக்கும் 28 செ.மீ. சதுரத்தை விட்டுவிட்டேன். அதில் ஆள் நுழைந்தால் நான் அவரைப் பார்க்கவே விரும்புகிறேன்.

மின்சாரத்தை இந்த முறை எஞ்சின் பேட்டரியிலிருந்து எடுக்கவில்லை, 110 ஆம்பியர்-மணி வீட்டு பேட்டரியிலிருந்து எடுத்தேன். அதற்குக் கூரையில் 100 வாட் சோலார் இருக்கிறது. 1.5 சதுர மி.மீ. வயர், பேட்டரியிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் 3 ஆம்பியர் ஃபியூஸ். இங்கேயும் ஒரு பிழை. வயரை மெயின் சுவிட்சுக்குப் பின்னால் கொடுத்துவிட்டேன். வண்டியை நிறுத்திவிட்டுப் போகும்போது வழக்கம்போல மெயின் சுவிட்சை அணைத்தேன். அடுத்த நொடி சைரன். மின்சாரம் நின்றதும், வயரை எவனோ அறுத்துவிட்டான் என்று தன் பேட்டரியில் கத்தத் தொடங்கியது. அது செய்தது சரிதான், நான்தான் எவனோ. வயரை மெயின் சுவிட்சுக்கு முன்னால், நேராக பேட்டரிக்குக் கொண்டுபோனதும் தீர்ந்தது. இப்போது அலாரம் 14 மில்லியாம்பியர் குடிக்கிறது. டிராக்கரை, வண்டி நிற்கும்போது மணிக்கு ஒருமுறை மட்டும் விழிக்கும்படி மாற்றியதில் அதன் சராசரி 6 ஆனது. சேர்ந்து 20. ஒரு நாளைக்கு அரை ஆம்பியர்-மணிகூட இல்லை. மேகம் மூடிய நாளிலும் சோலார் அதைத் திருப்பிக் கொடுத்துவிடுகிறது.

டிராக்கரைப் பற்றி ஒரே ஒரு சொல். பல நாடுகளில் 2ஜி, 3ஜி வலைகளை மூடிவிட்டார்கள், மூடிக்கொண்டும் இருக்கிறார்கள். மலிவு டிராக்கர்களில் பல இன்னும் 2ஜிதான். 4ஜி என்று எழுதியிருப்பதைப் பார்த்து வாங்க வேண்டும்.

சைரன் இரண்டு. ஒன்று எஞ்சின் அறையில், புகைக்குழாயிலிருந்து தள்ளி, வாய் கீழ்நோக்கி, தண்ணீர் தேங்காமல். இன்னொன்று வீட்டுக் கதவுக்கு மேலே, தீப்பெட்டி அளவில், மின்சாரத்தில் அதிரும் தகடு கொண்ட பீசோ சைரன். வெளியே கத்துவது ஊரைக் கூட்ட, உள்ளே கத்துவது வந்தவனை விரட்ட. அந்தச் சின்னப் பெட்டியைக் குறைவாக மதிப்பிட்டேன். மூடிய வண்டிக்குள் முதல் சோதனையை வெறும் காதோடு செய்தேன், மாலை வரை காதில் ரீங்காரம். அதன்பிறகு துண்டால் சுற்றிக் கட்டிவிட்டு, காதில் அடைப்பு வைத்துக்கொண்டுதான் சோதிக்கிறேன். வெளி சைரனுக்குள் இருக்கும் பேட்டரிக்கு ஆயுள் சில வருடங்கள்தான். மாட்டிய தேதியை ஒரு காகித டேப்பில் எழுதி அதன் மேலேயே ஒட்டியிருக்கிறேன்.

கேஸ் சென்சாரை அலாரத்தோடு சேர்க்கவில்லை. ஒரே பெட்டியில் சமையல் கேஸ், கார்பன் மோனாக்சைடு, மயக்கவாயு மூன்றையும் கண்டுபிடிக்கும் என்று விற்கிறார்கள். ஆனால் புரொப்பேன் காற்றைவிட ஒன்றரை மடங்கு கனம், தரையில் போய்ப் படுக்கும். அதற்குச் சென்சார் தரையோரம் வேண்டும். கார்பன் மோனாக்சைடு ஏறத்தாழக் காற்றின் எடைதான், காற்றோடு கலந்து பரவும். அதற்குச் சென்சார் படுக்கும் தலைமட்டத்தில் வேண்டும். ஒரு பெட்டி இரண்டு இடத்தில் இருக்க முடியாது. தூங்கும்போது வண்டிக்குள் மயக்கவாயு அடித்துத் திருடுகிறார்கள் என்ற கதைக்கு, பிரிட்டனின் மயக்கவியல் மருத்துவர்களின் கல்லூரியான ராயல் காலேஜ் ஆஃப் அனஸ்தெட்டிஸ்ட்ஸ் எப்போதோ பதில் சொல்லிவிட்டது: ஈதரையோ குளோரோஃபார்மையோ ஜன்னல் வழியாக ஊதி, உள்ளே இருப்பவருக்குத் தெரியாமல் மயக்கமடையச் செய்வது நடக்காது என்று. அந்தச் சென்சாருக்கான பணத்தில், ஐரோப்பிய ஈஎன் 50291-2 தரத்தில், அதாவது தங்கும் வண்டிகளுக்கென்றே சோதித்த, ஒரு கார்பன் மோனாக்சைடு கருவி வாங்கினேன். தரையோரக் கேஸ் சென்சார் தனி. பக்கத்தில் நின்று டியோடரண்ட் அடித்தால் அது கத்தும், அதை மன்னித்துவிடுகிறேன்.

என் வேலையைப் பார்த்து மச்சானும் தன் கேரவனுக்கு அதே பெட்டி வேண்டும் என்றார். இழுத்துப்போகும் கேரவனில் கதை வேறு. அதற்கு எஞ்சின் இல்லை, கேபின் இல்லை, கேன் பஸ்ஸும் இல்லை. திருடன் உள்ளே ஏற வேண்டிய அவசியமே இல்லை, வண்டியையே மாட்டிக்கொண்டு போய்விடலாம். அதனால் அங்கே முதல் செலவு இணைப்புப் பூட்டும் சக்கரப் பூட்டும்தான். பிறகுதான் சாய்வு சென்சார். அந்தச் சாய்வு சென்சாரை, வண்டியை நிறுத்தி மூலைக்கால்களை இறக்கிய உடனேயே இயக்கிவிட்டோம். ஈர மண். இரவில் ஒரு கால் கொஞ்சம் கொஞ்சமாகப் புதைந்து, காலை 4 மணிக்கு ஒன்றரை டிகிரி சாய்ந்ததும் கத்தியது. "மாப்ள, உன் அலாரத்துக்கு மண்ணைக்கூடப் பிடிக்கலையே" என்றார். கால்களுக்கு அடியில் அகலப் பலகை வைத்து, இயக்கும்போது இருக்கும் சாய்வையே பூஜ்ஜியமாக எடுத்துக்கொள்ளும் அமைப்புக்கு மாற்றி, அளவை 3 டிகிரிக்கு ஏற்றினோம். அதன்பின் அமைதி. இரவில் அவர் உள்ளே படுத்திருக்கும்போது அந்தச் சென்சார் தானாக விலகிக்கொள்ளும்படியும் செய்தோம். புரண்டு படுத்தாலே அசையும் வண்டி அது.

செலவை ஒரு கணக்காகச் சொல்கிறேன். இரண்டாவது பெட்டியின் விலையை 100 என்று வைத்தால்: ரீட் சுவிட்ச்கள் 18, வயரும் கிரிம்ப்களும் ஃபியூஸும் 11, டேப் 3, கூடுதல் சைரன் 7. வீணானது தனி: முதல் பெட்டி 120, புது எஞ்சின் பேட்டரி 70, மீட்டர் ஃபியூஸ் 2. ஆக, வீண்செலவு வேலைச்செலவைவிட அதிகம். நேரம், இரண்டாவது பெட்டிக்கு மட்டும் 26 மணி. அதில் பாதி அலமாரிகளைக் கழற்றி மாட்டியது.

கணக்கில் வராத ஒன்றும் உண்டு. எல்லாம் முடிந்த பிறகு காப்பீட்டு நிறுவனத்துக்குப் போன் செய்து, அலாரம் பொருத்தியிருக்கிறேன், தவணை குறையுமா என்று கேட்டேன். அவர்கள் ஒப்புக்கொண்ட மாடலாக இருந்து, அவர்கள் ஒப்புக்கொண்ட ஆள் பொருத்திச் சான்றிதழ் கொடுத்தால்தான் குறையுமாம். என் 26 மணிக்குச் சான்றிதழ் தர ஆளில்லை. அந்தப் போனை முதல் நாளே செய்திருந்தால் நான் இதை நானே பொருத்தியிருப்பேனா என்று தெரியாது. பொருத்தியிருப்பேன் என்றுதான் நினைக்கிறேன், ஆனால் தெரிந்து பொருத்தியிருப்பேன்.

இன்னும் மிச்சம் இருப்பது சைக்கிள் தாங்கிக்கு ஒரு வளைய வயர். அறுத்தால் கத்தும் வகை. அதற்கான துளையைப் பின்சுவரில் போட மனம் வரவில்லை, நம்பர் பிளேட் விளக்கின் வயர் போகும் வழியிலேயே நுழைக்க முடியுமா என்று பார்த்துக்கொண்டிருக்கிறேன். அப்புறம் இரவு நிலைக்கான பட்டன். அதை என் தலைமாட்டில் வைத்திருந்தேன். போன வாரம் மனைவி அதை அவள் பக்கம் மாற்றச் சொன்னாள். நான் பாதி நாள் அழுத்த மறந்துவிடுகிறேனாம். இரண்டு திருகு, 80 செ.மீ. வயர், முக்கால் மணி நேர வேலை. இப்போது தினமும் அவள்தான் அழுத்துகிறாள்.